ஆடிக் கிருத்திகைக்கு முன்பே தொடங்குங்கள்: நீர்க்கடுப்பைத் தடுக்கும் வழி

ஆடி பிறக்கப் போகிறது. கே.ஜி.கண்டிகையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் விரதத்துக்கும் மஞ்சள் துணிக்கும் ஆயத்தமாகும் நாட்கள் இவை. அந்த ஆயத்தத்தோடு இன்னொன்றையும் இன்றே தொடங்கிவிடுங்கள். வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் நாளொன்றுக்கு ஆறேழு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் கழியுங்கள். கத்திரி முடிந்துவிட்டாலும் நம் பக்கத்து வெயில் தணிவதில்லை. தமிழ்நாட்டில் வெயில் அதிகம் பதிவாகும் ஊர்களில் திருத்தணியின் பெயர் ஆண்டுதோறும் வருகிறது. அந்த வெயிலில் நடந்து வந்து, சரவணப் பொய்கையில் மூழ்கி, 365 படி ஏறி, தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் உடம்பு வியர்வையாக இழப்பது ஏராளம். வழியில் ஒதுங்க இடமில்லை என்று பலர் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். திருவிழா முடிந்த கையோடு வரும் எரிச்சலுக்கும் அடிவயிற்று வலிக்கும் பலர் பொய்கைத் தண்ணீரைக் குற்றம் சொல்வார்கள். நாம் இறங்கிய தண்ணீரைவிட, குடிக்காமல் விட்ட தண்ணீரே பெரும்பாலும் காரணம் என்பதை விளக்கவே இந்த அறிவிப்பு.

நீர்க்கடுப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையில் ஏற்படும் தொற்று. நான்கில் மூன்று பங்குக்கு மேல் அதற்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது வெளியிலிருந்து வருவதில்லை. நம் குடலிலேயே வாழ்கிறது. ஆசனவாய்ப் பக்கத்துத் தோலிலிருந்து சிறுநீர்த் துவாரத்தை அடைந்து, அங்கிருந்து மேலேறிச் சிறுநீர்ப்பையில் குடியேறுகிறது. பெண்களின் சிறுநீர்ப் புறவழி சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இந்தத் தொற்று வருவதற்கு இந்த உடலமைப்பே முதன்மைக் காரணம். அவர்களுடைய சுத்தக் குறைவு அல்ல. மேலேறும் கிருமியை உடம்பு எதிர்க்கும் வழிகளில் எளியது, அதைக் கழுவி வெளியேற்றுவது. சிறுநீர் அடிக்கடி, தாராளமாக வெளியேறினால் கிருமி பெருக நேரம் கிடைப்பதில்லை. குறைவாக ஊறி, நெடுநேரம் தேங்கினால் அது பெருகிச் சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. குளிர்காலத்தைவிடக் கோடையில் இந்தத் தொற்று கூடுவதைப் பல நாட்டுப் பதிவுகள் காட்டுகின்றன.

அப்படியென்றால் ஆயிரக்கணக்கானோர் மூழ்கும் குளத்துக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கலங்கிய நீரால் வயிற்றுப்போக்கு, கண் சிவத்தல், காதுத் தொற்று, தோல் அரிப்பு எல்லாம் வரலாம். அதனால் அதை விழுங்கக் கூடாது, குழந்தைகளை நெடுநேரம் அதில் விளையாட விடக் கூடாது. ஆனால் மூழ்கும்போது நீர் தானாக ஏறிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதில்லை. நீருக்குள்ளேயே பிழைப்பும் பொழுதுபோக்குமாக இருப்பவர்களைப் பார்த்தால் இது தெளிவாகும். ஸ்கூபா முக்குளிப்போரிடம் வந்த சிறுநீர்த் தொற்றைப் பற்றி ஆஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் 2009-ல் எழுதியிருக்கிறார். 2018-ல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர்களை மீட்டவர்களில் ஒருவர் அவர். குளிர்நீரில் உடம்பு நனையாமல் காக்கும் உடைக்குள்ளிருந்து சிறுநீரை வெளியேற்ற முக்குளிப்போர் சிலர் பொருத்திக்கொள்ளும் குழாய் அமைப்போடு சேர்த்தே அவர் அந்தத் தொற்றுகளை விவரித்தார். அவர் சுட்டியது அந்தக் குழாயைத்தான். சுற்றியிருந்த நீரை அல்ல.

முக்குளிப்போரின் உடம்பு நமக்கு இன்னொன்றையும் சொல்கிறது. கழுத்தளவு நீரில் இறங்கியதும் நீரின் அழுத்தமும் குளிர்ச்சியும் கைகால்களிலுள்ள இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகின்றன. இரத்தம் மிகுந்துவிட்டது என்று எண்ணும் இதயம், கூடுதல் சிறுநீரைப் பிரிக்கச் சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்புகிறது. குளத்தில் இறங்கியதும் பலருக்கும் சிறுநீர் முட்டுவது இதனால்தான். நீருக்குள் இருந்தபடியே உடம்பு நீரை இழக்கிறது. கரையேறும்போது தாகம் தெரியாவிட்டாலும் குறை இருக்கும். மன்னார் வளைகுடாவில் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். விடியலில் படகேறி, மணிக்கணக்கில் நனைந்த துணியோடு உழைக்கும் அவர்களுக்கும், பொய்கையில் மூழ்கி ஈரத்தோடு மலையேறும் பக்தருக்கும் உடம்பு போடும் கணக்கு ஒன்றுதான். ஆகவே குளத்தில் இறங்குமுன் ஒரு டம்ளர், கரையேறியதும் இரண்டு டம்ளர் குடியுங்கள். இறங்குமுன்னரே சிறுநீர் கழித்துவிடுங்கள். விடுமுறைக்குப் புதுச்சேரி, கோவளம் என்று ஸ்கூபா பழகப் போகும் இளைஞர்களுக்கும் இதே விதிதான். படகில் கழிப்பறை இல்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் தாகத்தோடு இறங்காதீர்கள். நீரிழப்பு, ஆழத்திலிருந்து மேலேறும்போது வரக்கூடிய அழுத்தக் குறைவு நோய்க்கும் ஒரு காரணியாகக் கருதப்படுகிறது.

கூடுதல் தண்ணீர் உண்மையிலேயே தடுக்குமா? 2018-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. பல்கேரியாவில், அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் ஓராண்டு முழுக்க நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். மற்றவர்கள் பழையபடியே இருந்தார்கள். ஆண்டு முடிவில் முதல் பிரிவில் ஒருவருக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்ற பிரிவில் 3.2 முறையும் தொற்று வந்திருந்தது. பாட்டில் தண்ணீர் விற்கும் டானோன் நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வு இது என்பதால் ஐயம் எழுவது சரியே. ஆனால் பாதியளவுக்குக் குறைந்த வித்தியாசம் சிறியதல்ல. உடம்பு இயங்கும் விதத்தோடும் அது பொருந்துகிறது. பாட்டில் தண்ணீர்தான் வேண்டும் என்பதுமில்லை. காய்ச்சி ஆறவைத்த வீட்டுத் தண்ணீர் போதும்.

அடக்குவதால் மட்டுமே தொற்று வருகிறதா என்று தனியாக ஆராய்ந்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் அடக்குவதும் குடிக்காமல் இருப்பதும் நம் வாழ்க்கையில் பிரிந்து இருப்பதில்லை. திருத்தணியில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களின் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. பயணமோ இரண்டு மணி நேரத்துக்கு மேல். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துத் தறிக்கூடத்திலோ, களத்துமேட்டிலோ, பள்ளியிலோ சுத்தமான கழிப்பறை இல்லாவிட்டால் பெண் முதலில் செய்வது தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைப்பதுதான். “குடித்தால் போக வேண்டுமே, எங்கே போவது?” என்ற கேள்விக்கு அறிவுரை மட்டும் பதிலாகாது. கிளம்புமுன், இறங்கியதும், சாப்பாட்டு நேரத்தில் என்று போகும் வேளைகளை வகுத்துக்கொள்வதும், பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்து முடித்துப் போய்விட்டு ஏறுவதும் தனியாள் செய்யக்கூடியவை. மீதி ஊரின் கடமை. காவடி வரும் சாலைகளில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர்கள் அதன் அருகிலேயே பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள தற்காலிகக் கழிப்பறைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். மோரையும் பானகத்தையும் கொடுத்துவிட்டு ஒதுங்க இடம் காட்டாவிட்டால் அந்தப் புண்ணியம் பாதியில் நின்றுவிடும். ஊராட்சியிடமும் கோயில் நிர்வாகத்திடமும் இதை இப்போதே கேளுங்கள்.

விரதத்தில் தண்ணீர் குடிக்கலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. காவடி விரதத்தில் பெரும்பாலோர் விடுவது புலாலும் ஒரு வேளைச் சோறும்தான். தண்ணீர், மோர், இளநீர் தடையில்லை. துளி நீரும் அருந்தாத விரதத்தைக் கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் எடுக்க வேண்டாம். இதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டக் கூடாது. மற்றவர்களுக்கு அளவுகோல் சிறுநீரின் நிறமே: வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள், அடர் மஞ்சளென்றால் குறைவு. மிகுதியாக வியர்த்தால் உப்பிட்ட மோரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ சேருங்கள். பெண்கள் கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும், தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதும் நல்ல பழக்கங்கள். ஈரத்துணியை மலையேறுமுன் மாற்றிவிடுங்கள். ஈரத்தால் வருவது பெரும்பாலும் பூஞ்சை அரிப்பு, அதையும் நீர்க்கடுப்பென்று எண்ணிப் பலர் தவறான மாத்திரை எடுத்துவிடுகிறார்கள்.

உடம்புச் சூடுதான், இளநீரும் வெந்தயமும் போதும் என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எரிச்சல் தொடங்கும் நாளில் இளநீர், பார்லித் தண்ணீர், மோர் எல்லாம் நீரைக் கூட்டுவதால் நல்லவையே. ஆனால் வேரூன்றிவிட்ட தொற்றை அவை விரட்டிவிடும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதேபோல் மெடிக்கல் ஷாப்பில் போனமுறை வாங்கிய மாத்திரையைச் சொல்லி இரண்டு நாளைக்கு வாங்குவதும் தவறு. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்கு நம் நாட்டு ஈ.கோலையில் பெரும்பகுதி இப்போது கட்டுப்படுவதில்லை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. பாதியில் நிறுத்திய மருந்து கிருமியை மேலும் முரடாக்கும். சிறுநீரைப் பரிசோதித்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை, சொன்ன நாள் வரை முழுமையாக எடுங்கள்.

எரிச்சல், அடிக்கடி முட்டுதல், கலங்கிய சிறுநீர் ஒரு நாளில் தணியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குளிர்க்காய்ச்சல், விலாப்புறத்தில் முதுகு வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே திருத்தணி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்கள், சர்க்கரை நோயாளிகள் எரிச்சல் தொடங்கிய அன்றே காட்ட வேண்டும். வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினால் அதுவும் ஓர் அறிகுறியாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாமலும் சிறுநீரில் கிருமி இருக்கக்கூடும்; மாதாந்திரப் பரிசோதனையில் சிறுநீர்ச் சோதனையைத் தவறவிடாதீர்கள். காவடிக்குப் போகும் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கட்டும். குழுவை நடத்திச் செல்பவர் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தி, போய்வரச் சொல்லட்டும்.