புரோகிராம்களுக்கும் இட வரம்பு உண்டா?

"சி டிரைவ் நிரம்பிவிட்டது, எந்தப் படங்களை அழிக்கலாம்?" எங்கள் உப்பூர்ப் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குடும்பப் படங்கள் கண்ணில் படுவதால் முதலில் அவற்றை அழிக்கத் தோன்றுகிறது. புரோகிராம்கள் சேர்த்து வைக்கும் பைல்களோ கண்ணில் படுவதில்லை. எனவே படங்களில் கை வைக்கும் முன் புரோகிராம்களின் கணக்கைப் பாருங்கள்.

உப்பளத்தில் ஒவ்வொரு பாத்திக்கும் வரப்பு இருக்கும். நல்ல புரோகிராமுக்கும் அப்படி ஒரு வரப்பு வேண்டும். அதற்கான விதிகள் மூன்று.

1. தான் பயன்படுத்தும் டிஸ்க் இடத்திற்கு உச்ச வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும்.
2. வரம்பை நெருங்கினால், தேவையற்ற பழைய பைல்களைத் தானே நீக்க வேண்டும். நம்முடைய பைல்களைத் தொடக்கூடாது. முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.
3. அந்த வரம்பை நாம் பார்க்கவும் மாற்றவும் வழி தர வேண்டும்.

விண்டோஸின் ரீசைக்கிள் பின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எக்ஸ்பி காலத்தில் இதன் வரம்பு டிரைவில் 10 சதவீதம். அதாவது 80 ஜிபி டிரைவில் 8 ஜிபி. அது நிறைந்தால், நாம் முதலில் ஒதுக்கிய பைல்கள் முதலில் நீங்கும். இன்றும் இதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்தால், கஸ்டம் சைஸ் என்ற இடத்தில் வரம்பினை எம்.பி. கணக்கில் மாற்றலாம். 5 ஜிபி போதும் என்றால் 5120 என அமைத்திடவும். அதைவிடப் பெரிய வீடியோ பைலை அழித்தால், அது ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லாது. நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்கும். கவனித்துப் பதில் தரவும்.

வரம்பு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு அவுட்லுக் சாட்சி. அவுட்லுக் 2002 மற்றும் அதற்கு முந்தைய பதிப்புகளில், மெயில்கள் அனைத்தும் சேரும் பைலின் எல்லை 2 ஜிபி. அதைத் தாண்டிய பைலைத் திறக்க முடியாமல் போனது உண்டு. இதற்காக மைக்ரோசாப்ட் தந்த டூல், பைலின் ஒரு பகுதியை வெட்டித்தான் மீதியை மீட்டது. வெட்டிய பகுதியில் இருந்த மெயில்கள் போனது போனதுதான். இரண்டாவது விதி ஏன் தேவை என்பது இப்போது புரியும்.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் எனச் சென்று, டெம்பரரி பைல்ஸ் மீது கிளிக் செய்திடவும். எது எவ்வளவு இடம் பிடித்துள்ளது என்ற பட்டியல் கிடைக்கும். வேண்டாதவற்றில் டிக் அடையாளம் ஏற்படுத்தி, ரிமூவ் பைல்ஸ் கிளிக் செய்திடவும். ஒரு எச்சரிக்கை: பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற போல்டரும் இருக்கும். மெயிலில் வந்து நீங்கள் இறக்கிய படங்கள் அங்கேதான் இருக்கலாம். அதில் டிக் இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

இதற்குப் பின்னும் இடம் போதவில்லையா? படங்களை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து, அங்கே அவை திறக்கின்றனவா எனச் சோதித்த பின்னரே இங்கே அழித்திடவும்.