காத்திருக்கத் தெரிந்த நிரல்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் பலர். பால்மரம் வெட்டுவோர் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவர். உளியால் பட்டையைச் சீவியதும் பால் மெல்ல வடிந்து மங்கில் சேரும். வடிந்து முடியச் சில மணி நேரமாகும். அதற்கு முன்பே மங்கை எடுத்து அளந்தால் கணக்கு தவறிவிடும். குறை மரத்தில் இல்லை; அளந்த நேரத்தில்தான் உள்ளது.

இணையப் பக்கங்களிலும் இத்தகைய தவறு நேர்வதுண்டு. ஐந்தாம் படிவக் கணினி அறிவியல் பாடத்தில் இணைய நிரலாக்கம் கற்ற மாணவி ஒருத்தி, தன் பாட்டி வாழ்ந்த தோட்டத்தைப் பற்றி ஓர் இணையப் பக்கம் அமைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். அத்தோட்டத்து மக்கள் இன்று பல ஊர்களில் வாழ்கின்றனர். அவர்களின் நினைவுகளையும் பழைய படங்களையும் அவள் அப்பக்கத்தில் தொகுத்தாள். ஒவ்வொரு பத்தியின் உயரத்தையும் நிரல் அளந்து, அதன் கீழே படத்தைப் பொருத்தும்.

பள்ளிக் கணினியில் பக்கம் அழகாகத் தெரிந்தது. இணைய வேகம் குறைந்த இடத்தில், பாட்டியின் திறன்பேசியில் அதைத் திறந்தபோதோ படங்கள் எழுத்துகளின்மேல் ஏறி நின்றன. “என் பேரு இருக்கிற வரியையே படம் மறைச்சிருச்சேம்மா!” என்றார் பாட்டி. ஒரே பக்கம், ஒரே நிரல். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ஓர் இணையப் பக்கத்தில் மூன்று கூறுகள் உள்ளன. எச்.டி.எம்.எல். உள்ளடக்கத்தைத் தருகிறது. பாணித்தாள் எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி போன்ற தோற்றத்தை முடிவு செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பக்கத்தை இயங்கச் செய்கிறது. பாணித்தாள் என்ற கருத்தை 1994ஆம் ஆண்டில் ஹோகன் வியூம் லீ முன்வைத்தார். ஜாவாஸ்கிரிப்ட்டை 1995ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார்.

உலாவி பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கும். தலைப்பகுதியில் இணைத்த பாணித்தாள் வந்து சேரும்வரை அது திரையில் எதையும் காட்டாது. பாணித்தாளுக்குப் பின் சாதாரண நிரல் ஒன்று இருந்தால், அந்த நிரலையும் காத்திருக்க வைக்கும். நிரல் ஒரு பத்தியின் உயரத்தைக் கேட்கக்கூடும். பாணித்தாள் வராமல் சரியான விடை கூற இயலாது என்பதே காரணம்.

மாணவியோ பக்கம் விரைவாகத் திறக்கட்டும் என்று தன் நிரலுக்கு ‘ஏசிங்க்’ என்ற குறிப்பைச் சேர்த்திருந்தாள். அக்குறிப்புள்ள நிரல், பாணித்தாளுக்காகக் காத்திராமல், தான் வந்து சேர்ந்த உடனே இயங்கிவிடும். பள்ளிக் கணினியில் பாணித்தாள் முன்பே சேமிக்கப்பட்டிருந்ததால், அது முந்திக்கொண்டது. பாட்டியின் திறன்பேசியில் நிரல் முந்திக்கொண்டது. ஆகவே, அழகு பெறாத சிறிய எழுத்துகளை அது அளந்தது. பின்னர்ப் பாணித்தாள் வந்து எழுத்துகளைப் பெரிதாக்கியபோது படத்திற்குரிய இடம் போதவில்லை.

இதற்குத் தீர்வு உண்டு. ‘ஏசிங்க்’ என்பதற்குப் பதிலாக ‘டிஃபர்’ என்று எழுதினால், உலாவி பக்கம் முழுவதையும் படித்து முடித்து, பாணித்தாளும் வந்த பின்னரே நிரல் இயங்கும். இருப்பினும், தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னும் ஒரு கவனம் தேவை. எந்த எழுத்துருவைப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பாணித்தாள் கூறும். எழுத்துருக் கோப்போ தனியாக வந்து சேரும். அதுவரை வேறோர் எழுத்துரு திரையில் தெரியலாம். எழுத்தின் அகலம் மாறினால் வரி மடியும் இடமும் பத்தியின் உயரமும் மாறிவிடும். எனவே, எழுத்துரு வந்துவிட்டதா என்று உலாவியிடம் கேட்டறிந்த பின்னரே அளக்க வேண்டும்.

அப்படியென்றால் எல்லா நிரல்களும் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வருகையாளர்களை எண்ணும் நிரலுக்குப் பக்கத்தின் தோற்றம் தேவையில்லை. அதற்கு ‘ஏசிங்க்’ பொருத்தமானதே. தேவையின்றி எல்லாவற்றையும் காக்க வைத்தால், பயனர் வெறும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருக்க நேரும். எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சிந்தித்து முடிவெடுப்பதே நிரலாளரின் திறமை.

தவற்றைத் திருத்திய மாணவி, இம்முறை பாட்டியின் திறன்பேசியிலேயே பக்கத்தைச் சோதித்தாள். மறைந்திருந்த வரி தெளிவாகத் தெரிந்தது. பாட்டி தம் பெயரை விரலால் தொட்டுப் படித்தார். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி பால்மரக் காட்டிற்கு மட்டுமல்ல, கணினிக்கும் பொருந்தும்.