பாஸை விற்காதே, அம்மாடி

பொன்மலை, திருச்சி.

அம்மாடி பவித்ரா,

உனக்கு வேலை கிடைத்த சேதியை உங்கம்மா போனில் சொன்னதும் உன் பெரியம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டாள். அதே போனில் அவள் இன்னொன்றும் சொன்னாள். பெங்களூரில் நீ பிடித்திருக்கிற அறை சின்னதாம், பாஸ் கிடாரை வைக்க இடமில்லையாம், யாராவது கேட்டால் விற்றுவிடச் சொன்னாயாம். சூட்கேஸ் மூன்று போயிருக்கிறது, அதில் ஒன்று முழுக்கச் செருப்பு என்று கேள்வி. கட்டிலுக்கு அடியில் ஒரு கிடாருக்கு இடமில்லாமலா போய்விட்டது? திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டு நடுநடுவே தானாக வந்துவிடும், கண்டுகொள்ளாதே.

"காலேஜ் முடிந்தது, பேண்டும் முடிந்தது பெரியப்பா" என்பாய். அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் குழுவைப் பார். டிரம்ஸ் வாசிப்பவர் பல் டாக்டர். கீபோர்டு, ரிட்டயர்டு ஆன பிசிக்ஸ் வாத்தியார். பாடுகிறவர் சார்பதிவாளராக இருந்தவர். கிடாருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆள். என்னையும் சேர்த்து எல்லார் வயதையும் கூட்டினால் முன்னூறைத் தாண்டும். அத்தனை பேரும் இருபது வயதில் விட்டுவிட்டு அறுபதில் திரும்பி வந்தவர்கள்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு குழுவில் சேரப் போனபோது கிடாருக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. பாஸுக்குத்தான் ஆள் இல்லை. எந்த ஊரிலும் இதே நிலைமைதான். கிடார் வாசிக்கத் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள், பாஸுக்குத் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஒருத்தர் கிடைத்துவிட்டால் அவர் வயதை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், உன்னிடம் இருப்பது கிழவியான பிறகும் செல்லுபடியாகிற சரக்கு. ஆனால் அதற்கு வேண்டிய காதும் மணிக்கட்டும் பழக்கமும் அப்போது கடையில் கிடைக்காது. இப்போதே சேர்த்து வைக்க வேண்டும்.

கல்யாணப் பந்தியைப் பார்த்திருப்பாய். பாயசம் கொண்டுவருபவரைச் சிரித்துக் கூப்பிடுவார்கள். சோற்று வாளிக்காரரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் அவர் ஒரு நிமிஷம் தாமதித்தால் வரிசையில் அத்தனை தலையும் நிமிரும். மேடையில் நம் வேலை அதுதான்.

போன மாதம் ஒரு அறுபதாம் கல்யாணத்தில் வாசித்தோம். இரண்டாவது இன்டர்லூட் ஓடிக்கொண்டிருக்கிறது. வாத்தியார் கீபோர்டில் புல்லாங்குழல் பிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். எங்கள் பாடகர் முன்வரிசையில் பேரனைப் பார்த்தாரோ என்னவோ, இரண்டு பார் முன்னாலேயே சரணத்தை எடுத்துவிட்டார். டாக்டர் குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்க்கிறார். நான் வாசித்துக்கொண்டிருந்த நடையை அப்படியே விட்டுவிட்டு, பாடகருடைய அடுத்த அடியில் சரணத்தின் ரூட் நோட்டை மட்டும் வைத்து நீட்டினேன். டாக்டரின் கிக் அதன் மேல் வந்து விழுந்தது. வாத்தியார் கண்ணைத் திறந்து, புல்லாங்குழலை அந்தரத்தில் விட்டுவிட்டு, கார்டைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, மைக்செட் பையன் மட்டும் சிரித்தான். இதற்கு வேகமான விரல் எதுவும் வேண்டியதில்லை. அடுத்தவர் என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே வாசிக்கிற பழக்கம் போதும். வயது ஏற ஏற அது கூடத்தான் செய்யும்.

கேட்பது என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் குவார்ட்டர்ஸில் டிரான்சிஸ்டர்தான். அதில் பாஸ் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. 1980-இல் 'மூடுபனி' படம் வந்தபோது, டீக்கடையில் ஆளுயரப் பெட்டி வைத்து 'என் இனிய பொன் நிலாவே' போட்டார்கள். வீட்டில் கேட்டபோது கிடார் மட்டும் இருந்த பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டீ ஆறியது தெரியாமல் நின்றேன். பாஸின் அடிக்கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அதைத் தள்ள முடியாது. உன் போனும் அந்த டிரான்சிஸ்டரின் பேத்திதான். அதனால் பாட்டைப் போனின் ஸ்பீக்கரில் கேட்டுப் பழகாதே, ஹெட்போனில் கேள். தினம் ஒரு பாட்டு, பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை. இளையராஜாவிடம் சசிதரன் வாசித்தவை, ரஹ்மானிடம் கீத் பீட்டர்ஸ் வாசித்தவை என்று கேட்டாலே உனக்கு வருஷங்கள் போதாது. ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், கிடார்கூட வேண்டாம்.

அடுத்தது உன் கை. உன் காலேஜ் போட்டோவில் பாஸ் முட்டியைத் தொட்டுக்கொண்டு தொங்குகிறது. பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு ஒடிந்த மாதிரி மடங்கும். இருபதில் வலிக்காது, ஐம்பதில் கட்டைவிரல் அடியில் வந்து உட்காரும். உட்கார்ந்தால் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரத்தில் இருக்கும்படி ஸ்ட்ராப்பை இழு. நாடா மாதிரி இருக்கிற அந்த ஸ்ட்ராப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று அங்குல அகலத்தில் ஒன்று வாங்கு. நாலு கிலோ மரம் மூன்று மணி நேரம் ஒரே தோளில் தொங்குகிறது என்பதை மறக்காதே.

இன்னொன்று. 34 அங்குல ஸ்கேல் பாஸில் முதல் ஃபிரெட் மட்டுமே கிட்டத்தட்ட 2 அங்குலம். அங்கே ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று நாலு விரலையும் அகட்டி வைத்து வீரம் காட்டாதே. பெரிய டபுள் பாஸ் வாசிப்பவர்கள் கீழ்ப்பகுதியில் ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றை வைத்தே காலம் தள்ளுகிறார்கள். நீயும் முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் அப்படியே பழகு. என் வயதில் அதுவும் கஷ்டமானால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் இருக்கிறது. பீட்டில்ஸ் மெக்கார்ட்னி தோளில் மாட்டியிருந்த வயலின் மாதிரி பாஸும் அந்தக் குட்டி வகைதான். வாங்கினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் வாங்கிவிட்டேன், உன் பெரியம்மாவிடம் விலையைச் சொல்லிவிடாதே.

திறந்த கம்பிகளை நம்பிப் பாட்டைப் படிக்கிற உன் வழக்கத்தையும் விடு. நம்ம மாதிரி குழுவில் பாடகருக்கு அன்றைக்குத் தொண்டை எப்படி என்பது மேடை ஏறிய பிறகுதான் தெரியும். "ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். ஈயில் இருந்த பாட்டு டீக்கு வந்துவிடும். நாலு கம்பி பாஸில் திறந்த ஈக்குக் கீழே போக இடமில்லை. ஏ கம்பியின் 5-ஆம் ஃபிரெட்டுக்குக் கை தானாகப் போக வேண்டும். ஒரு பாட்டைப் படித்தால் மூன்று ஸ்கேலில் வாசித்துவிட்டுத்தான் தூங்கு. பாடகர்களுக்கு வயதாகும் கண்ணு, அவர்களோடு நாமும் இறங்க வேண்டும்.

கம்பியைத் துடைக்கச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியை மாற்றவே மாட்டார், அந்த அழுக்கில்தான் சத்தமே இருக்கிறது என்று எனக்கே பாடம் நடத்தினவள் நீ. சரி, ஒத்துக்கொள்கிறேன். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே மோட்டவுன் பாட்டுகளை நடத்திய மகராசன் அவர். அவர் ஊர் டெட்ராய்ட், போட்டது வழவழவென்ற ஃபிளாட்வூண்ட் கம்பி. நீ போட்டிருப்பது சொரசொரப்பான ரவுண்ட்வூண்ட், உனக்கு வருவது திருச்சி வேர்வை. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் மேலும் அடியிலும் ஒரு இழுப்பு இழு. கிடாரின் கழுத்து வளைந்தால் அதற்குள் இருக்கிற டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதே. திருப்பிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்.

நேரத்துக்குப் போவது பற்றி உன்னிடம் பேசிப் பயனில்லை என்று உங்கம்மா சொல்வாள். நான் ஒரு கதை சொல்கிறேன். கரோல் கே என்ற அம்மா, கிடார் வாசித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர். 1963-இல் ஹாலிவுட்டில் ஒரு ஒலிப்பதிவுக்கு வர வேண்டிய பாஸ்காரர் வரவில்லை. இவர் எடுத்து வாசித்தார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் அவர் பாஸ்தான். வராதவர் பேர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பாஸு என்று ஒரு சித்தப்பா கேட்டாரே, அவரிடம் கரோல் கேயையும், உன்னைப் போலவே இந்தத் தலைமுறைப் பெண்ணான மும்பை மோகினி டேயையும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நீ கோபப்பட்டு மாடிக்குப் போய்விட்டாய். அடுத்த முறை இருந்து சொல்.

பொழுதுபோக்குக் குழுவில் சம்பளம் கிடையாது, அதனால் வாக்குத்தான் எல்லாம். ரிகர்சல் ஆறு மணி என்றால் ஐந்து ஐம்பதுக்குச் சுருதி சேர்த்து உட்கார். கேபிளும் பேட்டரியும் இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். மைக்செட்காரர் பேரைக் கேட்டு வைத்துக்கொள், அவரோடு ஒரு டீ குடி, அன்றைக்கு மானிட்டரில் உன் பாஸ் உனக்குக் கேட்கும். பாட்டுக்கு நடுவில் கம்பியை நோண்டிக்கொண்டே இருக்காதே, பாடகர் பேசும்போது வால்யூமைக் குறை. இதெல்லாம் சின்ன விஷயம். ஆனால் அறுபது வயதில் ஒருத்தரைக் குழுவில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மற்றவர்கள் முடிவு செய்வது இதை வைத்துத்தான்.

கடைசியாகக் காது. இதில் விளையாட்டே வேண்டாம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 100 டெசிபலுக்குப் போனால் 15 நிமிஷம்தான் கணக்கு. டிரம்ஸ்காரரின் சிம்பலுக்கு அருகில் நீ நிற்கிற இடம் சுலபமாக அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். வயதானால் முதலில் போவது உச்ச ஒலிகள், அடி ஒலி கடைசிவரை நிற்கும். அந்த வகையில் பாஸ்காரர்களுக்கு ஆண்டவன் கொஞ்சம் சலுகை கொடுத்திருக்கிறான். அடுப்படியிலிருந்து பெரியம்மா கூப்பிடுவது எனக்குக் கேட்பதில்லை, பாஸ் மட்டும் நன்றாகக் கேட்கிறது. அவள் இதற்கு வேறு காரணம் சொல்கிறாள். ஆனால் சத்தத்தால் கெட்ட காது திரும்ப வராது, ராத்திரியெல்லாம் உள்ளே ரீங்காரம் போடும். காதில் அடைக்கிற பஞ்சு மாதிரி மலிவுச் சமாசாரம் எல்லாவற்றையும் மொத்தமாக மூடிவிடும். இசைக்காரர்களுக்கென்று ஃபில்டர் வைத்த காதடைப்பான் இருக்கிறது, சத்தத்தை ஒரே சீராகக் குறைக்கும். அதைத்தான் வாங்க வேண்டும்.

அதற்குப் பணம் உன் அக்கவுண்டில் போட்டுவிட்டேன். வாங்கியதும் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பு. செருப்புக் கடை பில் வந்தால் பிடித்துவிடுவேன், பெரியப்பாவுக்குக் கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
பெரியப்பா