வழிபாட்டின் உண்மை நோக்கம்



கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊர்களில் வாழும் நமக்கு வழிபாடு புதியதொன்றல்ல. தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் இதே குடாநாட்டில்தான் இருக்கின்றது. தொழிலுக்குப் போகுமுன் சிலுவை அடையாளம் இடுகிறோம். பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் நேர்த்தி வைக்கிறோம். ஞாயிறு பூசைக்குப் போகிறோம். இவை யாவும் நல்லவையே. ஆயினும், "எதற்காக வழிபடுகிறீர்கள்?" என்று நம் வீட்டுப் பிள்ளையே கேட்டால் என்ன விடை சொல்வோம்?

மீன்பாடு கிடைக்க, நோய் தீர, மகளுக்கு நல்ல இடம் அமைய என்று பலர் சொல்லக்கூடும். இவற்றுக்காக மன்றாடுவது தவறன்று. அன்றாட உணவைக் கேட்கும்படி நமக்குக் கற்பித்தவர் ஆண்டவரே. ஆனால் கேட்டது கிடைத்தால் மெழுகுதிரி, கிடைக்காவிட்டால் மனத்தாங்கல் என்றிருந்தால் அது வழிபாடன்று, வியாபாரம். வேறு சிலர் அதைத் தீர்க்க வேண்டிய கடமையாக மட்டும் எண்ணுகின்றனர். ஞாயிறு முடிந்ததும் அவர்கள் கடவுளைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வருகின்றனர்.

இறைவனுக்கு நம் புகழ்ச்சி தேவையில்லை. அதனால் அவர் பெருமை கூடுவதுமில்லை. அவரைப் புகழும்போது நாம்தான் அவருடையவர்களாக மாறுகிறோம். கிறிஸ்து சிலுவையில் தம்மை முழுவதும் தந்தைக்குக் கையளித்தார். திருப்பலியில் அந்தக் கையளிப்போடு நம்மையும் சேர்த்துக் கொடுக்கிறோம். வழிபாட்டின் உண்மை நோக்கம் இதுவே. இதனாற்றான் 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைத் திருச்சபை வாழ்வின் சிகரமாகவும் ஊற்றாகவும் காட்டி, மக்கள் அதில் பார்வையாளராய் இராமல் உணர்ந்து பங்குகொள்ள வேண்டுமென்று வற்புறுத்தியது.

தன்னைக் கொடுப்பதென்றால் என்ன? ஒரு சம்மாட்டியை எடுத்துக்கொள்வோம். கரைவலை இழுத்தவர்களின் பங்கில் ஏதேதோ கணக்குச் சொல்லிக் குறைத்துவிட்டு, திருநாளன்று முன்வரிசையில் நின்று பெரிய மெழுகுதிரி ஏற்றுகிறார். அவர் எதைக் கொடுத்தார்? பிறருக்குரியதையல்லவா? நீதியில்லாத இடத்தில் எழும் திருவிழாப் பாடல்களை இறைவன் கேட்க விரும்புவதில்லை என்று ஆமோஸ் இறைவாக்கினர் அன்றே எச்சரித்தார். வேலித் தகராற்றில் உடன்பிறந்தவனோடு பேசாமலிருப்பவரும் இதைச் சிந்திக்க வேண்டும். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 5).

"அப்படியானால் கோயிலுக்குப் போகாமலே நல்லவனாக வாழலாமே!" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்குப் புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வு விடை தருகின்றது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர், குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் அடிகளார் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்தார். மக்கள் இரவிலே மறைவாகக் கூடிப் பூசை கண்டனர். தண்டனைக்கு அஞ்சாமல் ஏன் கூடினர்? அது வெறும் கடமையாயிருந்தால், தடையையே காரணம் காட்டி வீட்டிலிருந்திருக்கலாமே! வழிபாடு அவர்களுக்கு உயிர்மூச்சாயிருந்தது.

1690இல் அடிகளார் நமது புத்தளப் பகுதிக்கு வந்து, ஓராண்டுக்கு மேல் பணிபுரிந்தார். பின்னர் கண்டிக்குச் சென்றபோது ஒற்றரென்று ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளரைச் சொந்த உறவினரே கைவிட்டு ஓடினர். அடிகளாரோ, தம்மோடிருந்த யோசேப் கர்வாலோ அடிகளாருடன், மதவேறுபாடு பாராமல் அவர்களைத் தேடிச் சென்று உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். இந்தத் துணிவு பீடத்திலிருந்து வந்தது. அங்கே நாள்தோறும் தம்மைக் கொடுத்துப் பழகியவர் அம்மை நோயாளியின் குடிசையிலும் தம்மைக் கொடுத்தார். 2015 சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக உயர்த்தினார்.

வழிபாடில்லாத நற்செயல் விரைவில் களைத்துப்போகும். நற்செயலாகக் கனியாத வழிபாடு பொய்யாகிவிடும். பூசையின் இலத்தீன் பெயராகிய 'மிஸ்ஸா', முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் சொல்லிலிருந்தே வந்தது. அனுப்பப்படுவதற்காகவே நாம் கூடுகிறோம்.

ஆகவே, வரும் ஞாயிறன்று வீட்டைவிட்டுப் புறப்படுமுன் குடும்பமாகச் சற்றுச் சிந்தியுங்கள். நாம் யாருக்காவது கொடுக்க வேண்டிய பங்கு உண்டா? நாம் பேசாமலிருக்கும் அயலவர் யார்? அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கப்படும்போது, அந்த வாரத்தின் உழைப்பையும் கவலையையும் அவற்றோடு வையுங்கள். பூசை முடிந்ததும் முதலில் எந்த வீட்டுப் படியேற வேண்டுமென்று அங்கேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அந்தப் படியில் கால்வைக்கும்போது உங்கள் வழிபாடு நிறைவுபெறும்.