உஸ்மானியா மருத்துவமனை: இடிப்பதா, இடம் மாற்றுவதா, மீட்பதா?

ஹைதராபாத் உஸ்மானியா பொது மருத்துவமனை மூசி ஆற்றை ஒட்டி இருக்கிறது. 1908 செப்டம்பரில் ஆறு பெருக்கெடுத்தபோது, அங்கே இன்றும் நிற்கும் புளியமரத்தில் ஏறிக்கொண்ட ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினார்கள். பிறகு ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில், வின்சென்ட் எஷ் வடிவமைத்த பாரம்பரியக் கட்டடம் எழுந்தது. 2020 ஜூலையில் மழைநீரும் சாக்கடை நீரும் தரைத்தள வார்டுகளில் புகுந்தன. நோயாளிகளை வேறு தொகுதிக்கு மாற்றி, பழைய கட்டடத்தைப் பூட்டினார்கள். 2025 ஜனவரி 31 அன்று கோஷாமஹால் மைதானத்தில், 2,000 படுக்கைகள் கொண்ட புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இதற்கிடையே பேசப்பட்ட வழிகள் மூன்று. இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுவது. 2015இல் அரசு அறிவித்தது இதைத்தான். பழையதைச் செப்பனிட்டு, அதே வளாகத்தில் புதிய தொகுதி எழுப்புவது. வேறிடம் போவது. எந்த ஊரில் பெரிய அரசு ஆஸ்பத்திரியைப் புதுப்பித்தாலும் இந்த மூன்றும் வரும். அதனால் உஸ்மானியாவை வைத்து எடை போடும் முறையைப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு நேர்மையானதா என்று பாருங்கள். செப்பனிடும் வழிக்குக் குறைந்த படுக்கைகளும், புதுக் கட்டடத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கும் போட்டு ஒப்பிட்டால், விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. மூன்று வழிக்கும் ஒரே படுக்கை எண்ணிக்கை, ஒரே அறுவை அரங்குகள், ஒரே அவசர சிகிச்சை வசதி வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் நான்காவதாக எழுதச் சொல்லுங்கள். நெருக்கடியான வார்டில் தரையில் படுக்கும் நோயாளி அந்தக் கணக்கில்தான் வருவார்.

அடுத்தது தண்ணீர். மற்ற எதையும்விட இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். 2020இல் வார்டுக்குள் வெள்ளம் வந்ததற்குக் கட்டடத்தின் வயதைக் குறை சொல்வது எளிது. ஆனால் வடிகால் அடைத்துக்கொண்டால் நேற்றுக் கட்டிய ஆஸ்பத்திரியிலும் தண்ணீர் நிற்கும். இடம் மாறினால் இந்தத் தொல்லை போய்விடுமா? கோஷாமஹாலில் 2022 டிசம்பரில் சக்னாவாடி நாலாவின் (வடிகால் ஓடையின்) மேல்மூடி இடிந்து, சாலையே உள்வாங்கியது. நெருக்கமான பழைய நகரப் பகுதியில் 26 ஏக்கருக்கு மேல் பரந்த அந்த மைதானம் மழைநீரை உறிஞ்சும் நிலம். அதன்மேல் 32 லட்சம் சதுர அடி கட்டடம் எழும்போது, வழிந்தோடும் நீர் எந்த நாலாவில் இறங்கும், அந்த நாலா தாங்குமா என்று வரைபடத்தோடு காட்டச் சொல்ல வேண்டும்.

தூசியை நம் ஊர்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய சுவரை இடிக்கும்போது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் காற்றில் கலக்கும். நமக்கு ஒன்றும் ஆகாது. கீமோதெரபி எடுப்பவருக்கும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கும் நுரையீரலில் தங்கி உயிரையே வாங்கலாம். நோயாளிகளை வைத்துக்கொண்டே இடிப்பது இந்தக் காரணத்தால் மிக மோசமான வழி. அதே வளாகத்தில் புதிதாகக் கட்டுவதிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் முழு உயரத் தடுப்பு, தண்ணீர் தெளிப்பு, பக்கத்து வார்டுகளுக்குக் காற்று வடிகட்டி என்று கட்டுப்படுத்த முடியும். நோயாளிகளின் அருகே இந்தத் தூசி எழாது என்பதுதான் இடமாற்றத்துக்கு உள்ள உண்மையான அனுகூலம்.

கார்பன் கணக்கு சுருக்கமானது. ஒரு டன் சிமென்ட் கிளிங்கர் செய்ய 0.8 டன்னுக்குக் குறையாமல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கருங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய கட்டடத்துக்கான கார்பன் செலவு நூறாண்டுக்கு முன்பே முடிந்தது. கனமான சுவரும் உயரமான கூரையும் ஹைதராபாத் வெயிலைத் தாங்கவே அமைந்தவை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவை சரிப்படாமல் போகலாம். புறநோயாளர் பிரிவு, அலுவலகம், வகுப்பறை, நூலகம் ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

என் தேர்வு இரண்டாவது வழி: பழையதைச் செப்பனிட்டு, வளாகத்தில் பிற்காலத்தில் எழுந்த மதிப்பற்ற தொகுதிகளின் இடத்தில் கட்டம் கட்டமாகப் படுக்கைத் தொகுதி எழுப்புவது. மெதுவாக நடக்கும், மேற்பார்வை கடினம். ஆனால் திறந்த மைதானம் பிழைக்கும். நோயாளிகளுக்குப் பழகிய பேருந்து வழியும் மாறாது.

கோஷாமஹாலில் கட்டடம் எழுவதானாலும் கேட்க வேண்டியவை மிச்சம் இருக்கின்றன. இந்த அளவுக் கட்டுமானத்துக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவை. ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளிக்கிறது. ஆகவே யாரும் கூட்டம் போட்டு உங்களை அழைக்கமாட்டார்கள். மதிப்பீட்டு அறிக்கை, நாலா ஆய்வு, வெட்டப்படும் மரங்களின் பட்டியல், மருத்துவக் கழிவையும் கழிவுநீரையும் கையாளும் திட்டம், பூட்டிய பழைய கட்டடத்துக்கு ஒதுக்கிய தொகை ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டு வாங்கலாம். அஸ்திவாரம் தோண்டும் முன்பே நாலா ஆய்வு கையில் இருக்கவேண்டும்.