சாமுராயும் பாளையக்காரரும்

சாமுராய் என்றதும் நமக்கு இடுப்பில் இரண்டு வாளும், அகிரா குரோசாவா படமும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த வாளைப் பிடுங்கிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசித்திருக்கிறோமா?

சாமுராய் என்பவர் ஒரு பிரபுவுக்குப் படைப்பணி செய்து, அதற்குப் படியாக அரிசி பெற்ற வீரர். நம்ம தென்பாண்டிச் சீமையில் இதற்குக் கிட்டத்தட்ட ஒத்து வருவது பாளையக்காரர் முறை. 16-ஆம் நூற்றாண்டில் மதுரை விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 72 பாளையங்களை அமைத்ததாகச் சொல்வார்கள். பாளையக்காரர் வரி வசூலிப்பார், படை வைத்திருப்பார். ஊர்க்காவல் பார்த்தவர்களுக்குக் காவல்கூலி உண்டு.

கட்டபொம்மன் 1799-ல் கயத்தாறிலும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டது நாம் பள்ளியில் படித்ததுதான். பாடம் அங்கேயே முடிந்துவிடும். அதே 1801 டிசம்பரில் கம்பெனி அரசு ஆயுதங்களுக்குத் தடை போட்டது. கோட்டைகளை இடித்தார்கள். மிஞ்சிய பாளையக்காரர்கள் 1803-ல் ஜமீன்தார் ஆனார்கள். சரி, அவர்களுக்குக் கீழே வேல்கம்பு பிடித்தவனுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லைங்க! காவலை நம்பிப் பிழைத்த சமூகங்களில் சிலவற்றை 1911-க்குப் பிறகு குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சேர்த்துக் கைரேகை வாங்கியதுதான் மிச்சம். அந்தச் சட்டம் இங்கே ஒழிய 1947 ஆயிற்று.

ஜப்பானில் 1876-ல் வாளுக்குத் தடை வந்தது. அரிசிப் படிக்குப் பதிலாகக் கடன்பத்திரம் கொடுத்தார்கள். பொறுக்காமல் 1877-ல் சாய்கோ தகமோரி தலைமையில் சத்சுமா சாமுராய்கள் எழுந்து, தோற்றார்கள். இதுவரை நம்ம கதை மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் அங்கே தடை போட்டது சொந்த அரசு. 1873-லேயே தோக்கியோவில் பொறியியல் கல்லூரி திறந்து, ஹென்றி டயர் என்ற ஸ்காட்லாந்துக்காரரைத் தலைவராக்கி, வகுப்போடு பட்டறைப் பயிற்சியும் வைத்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சாமுராய் வீட்டுப் பிள்ளைகள். சென்னையிலும் 1794-லேயே சர்வே பள்ளி இருந்தது. (இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு அதுதான் மூலம்.) அதில் முதலில் சேர்த்தது ஐரோப்பிய வம்சாவளிப் பையன்களை!

அந்தத் தோக்கியோ கல்லூரி மாணவர்களில் ஒருவர் தனாபே சாகுரோ, சாமுராய் குடும்பம். பீவா ஏரித் தண்ணீரை மலையைக் குடைந்து கியோத்தோவுக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய புராஜெக்ட். சர்வே செய்யும்போது வலது கையில் அடிபட்டுவிட்டது. மனுஷன் விடவில்லை, டிராயிங் முழுவதும் இடது கையால் போட்டார்! 1883-ல் படிப்பு முடிந்ததும் 21 வயதில் அந்த வேலையையே அவரிடம் ஒப்படைத்தார்கள். முதல் சுரங்கம் மட்டும் 2,436 மீட்டர். 1890-ல் கால்வாய் திறந்தது. கியோத்தோவில் இன்றும் குழாயைத் திறந்தால் வருவது அந்த ஏரித் தண்ணீர்தான்.