ஆள் போதவில்லை, அவரே போய் உட்கார்ந்தார்

எங்கே பிறந்தது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மனிதரைச் சுற்றி இருந்தன. ஆகவே பகுதி முழுவதையும் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்குக்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: ஹிட்ச்காக் தன் படங்களில் ஏதாவது ஒரு காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போவாரே, இந்த வழக்கம் எப்படி வந்தது?

பதில்: தேவையால் வந்தது. 1926-இல் லண்டன் இஸ்லிங்டன் ஸ்டூடியோவில் ‘தி லாட்ஜர்’ என்ற மௌனப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 26. பத்திரிகை அலுவலகம் ஒன்றில் நடக்கும் காட்சி. திரையை நிரப்ப ஆள் போதவில்லை. இயக்குநரே போய் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கேமராவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். அவர் இன்னார் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பிறகு அது ஒரு ராசியாக மாறியது. அதற்கும் பிறகு, ரசிகர்களோடு ஆடும் விளையாட்டாயிற்று. 1940-இல் வந்த ‘ரெபெக்கா’வுக்குப் பின், அவர் எங்கே வருகிறார் என்று தேடுவதற்கென்றே கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதையைக் கோட்டை விடுகிறார்களே என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. அதனால் பிற்காலப் படங்களில் தொடக்கத்திலேயே வந்து போய்விடுவார். 1944-இல் வந்த ‘லைஃப்போட்’ படத்தில் ஏறக்குறைய கதை முழுவதும் நடுக்கடலில் ஒரு படகில் நடக்கிறது. அங்கே எப்படித் தலைகாட்டுவது? படகில் கிடக்கும் செய்தித்தாளில், உடல் மெலிய வைக்கும் மருந்து விளம்பரத்தில், மெலிவதற்கு முன்பும் பின்பும் என்று இரண்டு படங்களாக வந்தார்.

கேள்வி: சிறு வயதில் போலீஸ் லாக்கப்பில் அடைக்கப்பட்டதால்தான் அவர் திகில் படம் எடுத்தார் என்கிறார்களே?

பதில்: அந்தக் கதையை வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தவர் அவரேதான். 1899 ஆகஸ்ட் 13 அன்று லண்டனின் கிழக்கு ஓரத்தில், லெய்ட்டன்ஸ்டோனில் பிறந்தார். அப்பா வில்லியம் காய்கறி, பழக்கடை வைத்திருந்தார். குடும்பம் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தது. மூன்று பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. ஐந்து வயது வாக்கில் ஏதோ தப்புச் செய்ததற்காக, அப்பா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பினாராம். சீட்டைப் படித்த காவலர் பையனை ஐந்து நிமிடம் அறையில் பூட்டி வைத்து, குறும்பு செய்யும் பையன்களுக்கு இதுதான் கதி என்று சொல்லி அனுப்பினாராம். போலீஸ் என்றாலே நடுக்கம் என்று பெரியவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடச் சிறைவாசத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் பிறந்தன என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. என் மனதுக்கு அதைவிட வலுவான காரணமாகப் படுவது அவருடைய பள்ளிக்கூடம். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். 1910-இல் ஸ்டாம்ஃபோர்டு ஹில்லில் இருந்த புனித இக்னேஷியஸ் கல்லூரி என்ற ஏசு சபைப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கெட்டியான ரப்பர்ப் பட்டையால் உள்ளங்கையில் அடிப்பார்கள். அடிப்பதைவிடக் கொடுமை, அது நடக்கும் முறை. தண்டனை காலையிலேயே சொல்லப்பட்டுவிடும். எப்போது போய் வாங்கிக்கொள்வது என்பதைப் பையனே முடிவு செய்துகொள்ள வேண்டும். சிறுவர்கள் என்ன செய்வார்கள்? மாலை வரை தள்ளிப் போடுவார்கள். அதுவரை ஒவ்வொரு பாட வேளையிலும் அந்த அடி கையில் விழுந்துகொண்டே இருக்கும்.

அடியைவிட அடிக்குக் காத்திருப்பதுதான் பயங்கரம். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்று பிற்காலத்தில் அவர் விளக்கிய கலைக்கு இது அரிச்சுவடி இல்லையென்றால் வேறு எது?

கேள்வி: அவர் சினிமா படித்தது எங்கே? யாரிடம் உதவியாளராக இருந்தார்?

பதில்: படித்தது பொறியியல். 1913-இல் பாப்லரில் இருந்த பொறியியல், கப்பல் வழிச் செலுத்தல் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அப்பா இறந்துபோனார். ஹென்லி என்ற தந்திக் கம்பி நிறுவனத்தில் வேலைக்குப் போனார். வாரம் 15 ஷில்லிங் சம்பளம். எந்த வேலைக்கு எந்தக் கம்பி, எத்தனை கனம், என்ன விலை என்று கணக்கிடும் மதிப்பீட்டு எழுத்தர் வேலை. மாலையில் ஓவிய வகுப்புக்குப் போனார். கை ஓடுவதைப் பார்த்து நிர்வாகம் அவரை விளம்பரப் பிரிவுக்கு மாற்றியது. நிறுவனத்தின் உள் இதழில் 1919-இல் ‘கேஸ்’ என்று ஒரு குட்டிக் கதை எழுதினார். பாரிஸில் ஒரு பெண் முரடர்களிடம் சிக்கித் தவிக்கிறாள். கடைசி வரியில்தான் தெரிகிறது, அது பல் மருத்துவரின் நாற்காலியில் மயக்க மருந்து தந்த கனவு என்று. எழுதியவருக்கு வயது 19!

அதே சமயத்தில் ஃபேமஸ் பிளேயர்ஸ்-லாஸ்கி என்ற அமெரிக்க நிறுவனம் இஸ்லிங்டனில் ஸ்டூடியோ திறக்கப் போவதாகத் திரைத்தொழில் பத்திரிகையில் செய்தி வந்தது. ‘தி சாரோஸ் ஆஃப் சேட்டன்’ என்ற நாவலைப் படமாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நாவலைப் படித்து, அந்தப் படத்துக்கு வேண்டிய எழுத்து அட்டைகளை வரைந்து எடுத்துக்கொண்டு போய் நின்றார். யாரும் கேட்காமலே செய்த வேலை. முதலில் பகுதி நேரமாக, 1921-இல் முழு நேரமாக எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்து அட்டை என்றால் இந்தக் காலத்து வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மௌனப் படத்தில் வசனத்தையும் கதை விவரத்தையும் அட்டையில் எழுதி, காட்சிகளுக்கு நடுவே படம் பிடித்து ஒட்டுவார்கள். எழுத்தோடு சிறு சித்திரமும் இருக்கும். இன்னார் வாழ்க்கையைக் கண்மண் தெரியாமல் கரைத்துக்கொண்டிருந்தார் என்று எழுத வேண்டுமா, இரண்டு முனையிலும் எரியும் மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வரைந்துவிடுவார். இன்னொன்றையும் அங்கே கண்டுகொண்டார்: நடிப்பு சரியில்லாமல் வீணாய்ப்போன சோகப் படத்தின் அட்டைகளை மட்டும் மாற்றி எழுதினால் அதுவே நகைச்சுவைப் படமாகிவிடும். படத்தின் பொருள் எடுத்ததில் பாதி, கோத்ததில் பாதி என்பதை இதைவிட நன்றாக எந்தக் கல்லூரி கற்றுத் தந்திருக்கும்?

அமெரிக்கர்கள் போன பிறகு அதே ஸ்டூடியோவுக்கு மைக்கேல் பால்கன் என்ற தயாரிப்பாளர் வந்தார். 1923-இல் ‘வுமன் டு வுமன்’. இயக்கம் கிரஹாம் கட்ஸ். நீங்கள் கேட்ட உதவியாளர் வேலை இங்கேதான். உதவி இயக்குநர் ஹிட்ச்காக். திரைக்கதைக்கு ஆள் வேண்டுமா, நான் எழுதுகிறேன் என்றார். கலை இயக்குநர் இல்லையா, அதையும் நான் பார்க்கிறேன் என்றார். 1924-இல் வேறொரு படத்துக்காக ஜெர்மனியின் பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவுக்குப் போனபோது, அங்கே எஃப்.டபிள்யூ. முர்னாவ் ‘தி லாஸ்ட் லாஃப்’ எடுப்பதை அருகிலிருந்து பார்த்தார். எழுத்து அட்டை ஏறக்குறைய இல்லாமலே கதை சொல்லும் படம் அது. அட்டை எழுதிப் பிழைத்தவர், அட்டையே வேண்டாத சினிமாவைப் பார்த்துவிட்டார். அவருடைய உண்மையான பட்டம் அங்கேதான் கிடைத்தது என்பேன். மறு ஆண்டு, படம் இயக்குகிறாயா என்று பால்கன் கேட்டார். அப்படி நினைத்ததே இல்லை என்று பதில் சொன்னாராம். ‘தி பிளெஷர் கார்டன்’ அப்படித்தான் அவர் கைக்கு வந்தது.

கேள்வி: அவர் மனைவியும் சினிமாக்காரரா?

பதில்: சினிமாவில் அவருக்கு மூத்தவர் என்றே சொல்லலாம். ஆல்மா ரெவில் ஹிட்ச்காக்குக்கு ஒரே ஒரு நாள் இளையவர். பிறந்தது 1899 ஆகஸ்ட் 14. ஆனால் பதின்வயதிலேயே ட்விக்கன்ஹாம் ஸ்டூடியோவில் படத்தொகுப்பு அறைக்குள் நுழைந்துவிட்டார். இஸ்லிங்டனில் அட்டை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஆல்மாவிடம் பேசவே ஹிட்ச்காக்குக்குத் தயக்கம். உதவி இயக்குநர் ஆன பிறகுதான் தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் படத்தில் வேலை செய்கிறீர்களா என்று கேட்டார். ஜெர்மனியிலிருந்து திரும்பும்போது கப்பலில் புயல். ஆல்மா தலை தூக்க முடியாமல் படுத்திருந்த நேரம் பார்த்துத் திருமணத்துக்குக் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1926 டிசம்பர் 2 அன்று திருமணம். திரைக்கதை, காட்சித் தொடர்ச்சி, படத்தொகுப்பு என்று எல்லாவற்றிலும் ஆல்மாவின் கண் இருந்தது. 1979-இல் வாழ்நாள் சாதனை விருது வாங்கியபோது நான்கு பேருக்கு நன்றி சொன்னார்: ஒரு படத்தொகுப்பாளர், ஒரு திரைக்கதை ஆசிரியர், தன் மகளின் தாய், அருமையாகச் சமைக்கும் ஒருவர். நால்வரும் ஆல்மாதான்.

கேள்வி: செய்யாத குற்றத்துக்காக ஓடும் நாயகன் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறான். இது யாருடைய கற்பனை?

பதில்: இதற்கு ஒரு நட்சத்திர நடிகரும் காரணம். மறுபடியும் ‘தி லாட்ஜர்’ படத்துக்கே போக வேண்டும். மேரி பெலாக் லௌண்ட்ஸ் 1913-இல் நூலாக வெளியிட்ட நாவல் அது. 1888-இல் லண்டனை நடுங்க வைத்த ஜாக் தி ரிப்பர் கொலைகளை அடியொற்றி எழுதப்பட்டது. மாடி அறைக்கு வாடகைக்கு வந்திருப்பவன் கொலைகாரனோ என்று வீட்டுக்காரி அஞ்சுகிறாள். நாவலில் அந்த அச்சம் நியாயமானது. படத்திலோ நடித்தவர் ஐவர் நொவெல்லோ. அன்றைய பிரிட்டிஷ் பெண் ரசிகர்களின் கண்மணி. அவரைக் கொலைகாரனாகக் காட்ட முடியாது. கடைசி வரை சந்தேகமாக விட்டுவிடலாம் என்றாலும் ஒப்பவில்லை. ஆகவே அவன் நிரபராதி ஆனான். ஊரே துரத்தும் நிரபராதி. 1941-இல் ‘சஸ்பிஷன்’ எடுத்தபோது கேரி கிராண்டை வைத்தும் இதே சங்கடம் வந்தது.

வேறொருவராக இருந்தால், கதை கெட்டது என்று நொந்துகொண்டு போயிருப்பார். ஹிட்ச்காக் அந்தத் துரத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டினார். ‘தி 39 ஸ்டெப்ஸ்’, ‘யங் அண்ட் இன்னசன்ட்’, ‘தி ராங் மேன்’, ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ எல்லாம் அந்த வழியில் வந்தவை.

‘தி லாட்ஜர்’ படமே பெட்டிக்குள் முடங்கியிருக்க வேண்டியது. விநியோகஸ்தர் சி.எம். வுல்ஃப் பார்த்துவிட்டு வெளியிட மாட்டேன் என்றார். பால்கன் மனம் தளராமல் ஐவர் மான்டேகு என்ற இளைஞரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னார். மான்டேகு செய்த முக்கியமான வேலை எழுத்து அட்டைகளை 80 அளவுக்குக் குறைத்தது. 1927 பிப்ரவரியில் படம் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது.

கேள்வி: பிரிட்டனின் முதல் பேசும்படம் அவருடையதா?

பதில்: 1929-இல் வந்த ‘பிளாக்மெயில்’ படத்தை, பிரிட்டனில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் பேசும்படம் என்று விளம்பரம் செய்தார்கள். மௌனப் படமாகத் தொடங்கி, பிறகு ஒலியோடு பல காட்சிகளைத் திரும்ப எடுத்த படம். கதாநாயகி ஆனி ஓன்ட்ரா செக் உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுபவர். லண்டன் கடைக்காரர் மகளாக நடிப்பவர் அப்படிப் பேசினால் யார் நம்புவார்கள்? பின்னணிக் குரலைப் பிறகு சேர்க்கும் வசதி அன்று இல்லை. ஜோன் பேரி என்ற நடிகை கேமராவுக்கு எட்டாத இடத்தில் மைக் முன் நின்று வசனம் பேச, ஓன்ட்ரா அதற்கேற்ப வாயசைத்தார்.

அதில் ஒரு காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் அடிவயிறு கலங்குகிறது. தன்னைப் பலவந்தம் செய்ய வந்தவனை முந்தின இரவு கத்தியால் குத்திக் கொன்றுவிட்ட பெண், காலைச் சிற்றுண்டிக்கு வீட்டார் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். வம்பு பேச வந்த அண்டை வீட்டுக்காரி அந்தக் கொலையைப் பற்றியே ஓயாமல் பேசுகிறாள். மெல்ல மெல்லப் பேச்சு வெறும் முணுமுணுப்பாகத் தேய்கிறது. கத்தி என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுகிறது. மறுபடியும் கத்தி. மறுபடியும். அந்த நேரம் பார்த்து அப்பா, ரொட்டியை நறுக்கம்மா என்கிறார். ஒலி கைக்கு வந்த முதல் படத்திலேயே, எதைக் கேட்க வைப்பது என்பதைவிட எதைக் கேட்காமல் செய்வது என்று யோசித்திருக்கிறார்.

மௌனத்தில் பழகியதால் வந்த புத்தி இது. ‘தி லாட்ஜர்’ படத்தில் மாடியில் உலாவுபவனின் காலடியோசையைக் கேட்க வைக்க வழியில்லை. கனமான கண்ணாடியில் தளம் போட்டு, நடிகரை அதன்மேல் நடக்கவிட்டு, கீழிருந்து படம் பிடித்தார். கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், விளக்கு ஆடுகிறது, கூரை வழியே கால்கள் நடக்கின்றன. ஓசையைக் கண்ணால் பார்த்துவிடுகிறோம்.

கேள்வி: ‘மக்கஃபின்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது?

பதில்: கதையில் எல்லோரும் உயிரைக் கொடுத்துத் தேடும் பொருள், பார்ப்பவர்களுக்கு அது எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். திருட்டுக் கதையில் நெக்லஸ், உளவுக் கதையில் ரகசியக் காகிதம். ‘தி 39 ஸ்டெப்ஸ்’ படத்தில் அது விமான இயந்திரம் பற்றிய ரகசியம். படம் முடிந்து வெளியே வருபவர் யாருக்கும் அது நினைவிருக்காது. ஹிட்ச்காக்கின் நண்பரும் திரைக்கதையாளருமான ஆங்கஸ் மக்ஃபெயில் உருவாக்கிய சொல் என்று சொல்லப்படுகிறது. இதற்கு ஹிட்ச்காக் ஒரு கதை வைத்திருந்தார். ரயிலில் இரண்டு பேர். மேலே இருக்கும் மூட்டை என்ன என்று ஒருவர் கேட்க, மக்கஃபின் என்கிறார் மற்றவர். ஸ்காட்லாந்து மலைகளில் சிங்கம் பிடிக்கும் கருவியாம். அங்கே சிங்கமே கிடையாதே? அப்படியானால் இது மக்கஃபினே இல்லை!

கேள்வி: அவருடைய ஆரம்பகாலப் படங்கள் எல்லாம் இன்றும் இருக்கின்றனவா? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: இயக்குநராக முழுமையாக எடுத்த பத்து மௌனப் படங்களில் ஒன்பது இருக்கின்றன. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2012-இல் அவற்றைச் செப்பனிட்டு முடித்தது. 1926-இல் வந்த ‘தி மவுன்டன் ஈகிள்’ மட்டும் கிடைக்கவில்லை. உதவி இயக்குநராக வேலை செய்த ‘தி வைட் ஷேடோ’ அழிந்துபோனதாகவே நினைத்திருந்தார்கள். 2011-இல் நியூசிலாந்தில் அதன் மூன்று சுருள்கள் கிடைத்தன.

‘பிளாக்மெயில்’ படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒலிக்கருவி வாங்காத கொட்டகைகளுக்காக மௌன வடிவத்தையும் அதே ஆண்டில் வெளியிட்டார்கள். இரண்டும் இன்று கிடைக்கின்றன. முதலில் மௌன வடிவத்தைப் பாருங்கள். அடுத்த நாள் பேசும் வடிவத்தைப் போட்டு, அந்தக் காலைச் சிற்றுண்டிக் காட்சி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள்.